முட்டை வண்டியின் பின்சுவர்

சாந்தாமணிக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. இழுவை வண்டியின் பின்சுவரை மேலேயும் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டியது, அடிப்பக்கம் லாரிக்கு வைக்கிற மாதிரி கனமான கீல் வைக்க வேண்டியது, அவ்வளவுதான், சுவரைக் கீழே சாய்த்தால் அதுவே சாய்வுப் பலகை, பைக்கை அதன்மேல் உருட்டி உள்ளே ஏற்றிவிடலாம், திரும்ப மூடினால் சுவர் சுவராகவே நிற்கும். லாரிகளுக்குப் பின்கதவு வைத்தே தலை நரைத்தவளுக்கு இது ஒரு வேலையா. கணபதி என்கிற இந்த ஊரில் பட்டறையை அவளும் புருஷன் சென்னியப்பனும் ஆரம்பித்தபோது தகடு வெட்டுகிற கிரைண்டர் வாங்கக்கூட வக்கில்லை, தகரப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று வந்ததையெல்லாம் கையாலேயே வெட்டி மடக்கிக் கொடுத்தவள் அவள். வெட்டுவதும் ஒட்டுவதும் நான், பெயின்ட்டும் எழுத்தும் நீங்க என்று அன்றைக்குப் பிரித்துக்கொண்ட வேலை இன்றுவரை மாறவில்லை, ஆகையால் வெட்டு என்று வந்துவிட்டால் இந்தக் கூரைக்குக் கீழே அவள் சொன்னதுதான். காலையில் காபி குடித்த கையோடு வந்து சாக்பீஸில் கோடு போட்டாள், ஒரே இழுப்பு, அழித்துத் திருத்துகிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. கிரைண்டரை எடுத்து இடது மேல்மூலையில் வைத்தாள், அலுமினியத் தகடு கீச்சென்று கத்திக்கொண்டு ஒரு சாண் நீளம் பிளந்தது, கரண்ட் போய்விட்டது. சக்கரம் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றிவிட்டு நின்றது. தெருவிலிருந்த லேத்துப் பட்டறைகள், மோட்டார் கம்பெனி, மாவு மில் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன, எங்கேயோ ஒரு காக்கை கத்துவது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இன்றைக்கு ஷட்டவுன் நாள், மாதத்துக்கு ஒருமுறை கம்பி பார்க்கிறோம் என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் விடுவார்கள்.

ஆகட்டும், சாயங்காலம் வரட்டும், இது எங்கே ஓடிப்போகப் போகிறது என்று ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு வண்டிக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். முன்பக்கமும் தலைப்பக்கமும் உருண்டையாக, பின்பக்கம் மட்டும் கத்தியால் அரிந்த மாதிரித் தட்டையாக நிற்கிற இந்த வண்டிக்கு வீட்டில் முட்டை என்றுதான் பெயர். மலைமேல் பவர்ஹவுஸ் கட்டிய காலத்தில் எந்தச் சீமையிலிருந்தோ வந்த இன்ஜினீயர் ஒருத்தர் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்து குடும்பத்தோடு இதற்குள் குடியிருந்தாராம், போகும்போது விட்டுவிட்டுப் போனாராம், கைமாறிக் கைமாறி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தபோது சென்னியப்பன் கண்ணில் பட்டுவிட்டது. நட்டும் போல்ட்டும் வாங்கப் போன மனுஷன் வீட்டோடு வந்து நின்றார். "ஊடே வாங்கிட்டு வந்துட்டேன் சாந்தா" என்றார், அப்போது மகள் மிதுனா இடுப்புக் குழந்தை. இதைப் பழையபடி ஆக்கி மூணு பேரும் கன்னியாகுமரி வரைக்கும் போலாம், போற வழியில எங்க வேணும்னாலும் நிறுத்திச் சோறாக்கிக்கலாம் என்றார். குழந்தைக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது, முட்டை கூரையை விட்டு வெளியே போனது கிடையாது. உள்ளே நாலு பூச்சுக்கு அடியில் முதன்முதலில் அடித்த பச்சை எது என்று உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்தே ஒரு வருஷத்தைக் கழித்தவர் அவர், ஒரு ஜன்னல் கைப்பிடிக்கு ஒரு மழைக்காலம், ஆணியைக் கண்டால் அதன் ஜாதகத்தைக் கேட்கிற ஆள். வெட்டலாம் என்று அவள் பேச்செடுத்ததிலிருந்து அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார், "வெட்டிட்டா அப்புறம் பழசாக்க முடியாது சாந்தா, பழசாக்கி வெச்சுட்டமுன்னா எப்ப வேணும்னாலும் வெட்டிக்கலாமல்ல?" அவளும் விடவில்லை, "எப்ப வேணும்னாலும்னு சொல்றது எப்பவும் வராதுங்க." கடைசியில் போன வாரம் அவரே உள்சுவரின் பலகைகளைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிப் பரண்மேல் வைத்தார், சரி என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் கழற்றினார் அல்லவா, அதுவே சம்மதம்தானே, இல்லாவிட்டால் எதற்குக் கழற்றுகிறார். அவள் பட்டறைச் சுவரைப் பார்த்தாள், ஸ்பேனர் வரிசை, சுத்தியல்கள், கை ரம்பம் என்று பார்த்துக்கொண்டே வந்தவள் அங்கிருந்து கண்ணை எடுத்து மறுபடியும் வண்டிக்கே கொண்டுவந்தாள்.

பழசாக்கி யாருக்குக் காட்ட வேண்டும். மிதுனாவுக்கு வண்டி வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சும்மா ஊர் சுற்றுகிற பைக் இல்லை அவளுடையது, பந்தய பைக், ரோட்டில் ஓட்டக்கூடாது, அதை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே செட்டிபாளையத்தில் பழகும்வரை பரவாயில்லை, சென்னைப் பக்கத்துக்குப் போக ஆரம்பித்ததும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தருடைய சின்ன லாரியைப் பிடித்து, கிடைத்த கயிற்றில் கட்டி, எப்படியோ போய்ச் சேர்ந்தது. போன வருஷக் கடைசியில் அப்படிக் கட்டியவனுக்குக் கட்டத் தெரியவில்லை. வழியிலேயே பைக் சாய்ந்துவிட்டது, பிரேக் லீவர் வளைந்துவிட்டது, அங்கே போய் யாரோ தட்டி நிமிர்த்தினார்கள், மறுநாள் பிராக்டீஸில் வளைவில் திரும்பும்போது மிதுனா விழுந்தாள். போன் வந்தபோது சாந்தாமணி ஒரு டிப்பருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள், டேப்பின் நுனியைக் கையில் பிடித்தபடியே காரில் ஏறினாள் என்று பின்னால் சொல்லிச் சிரித்தார்கள், அவளுக்கு அந்தப் பயணமே நினைவில் இல்லை. எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார் டாக்டர், காறை எலும்பின்மேல் ஒரு பட்டை, பட்டையில் வரிசையாகத் திருகாணி, பார்த்ததும் சாந்தாமணிக்கு முதலில் தோன்றியது, இடைவெளி சரியாகத்தான் விட்டிருக்கிறார் என்பதுதான், அப்புறம்தான் அழுகை வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் தீர்மானம் பண்ணிவிட்டாள், இனி என் பிள்ளையின் பைக்கை எவனும் கட்ட வேண்டாம், நானே கட்டுகிறேன், நாலு மூலையிலும் தரையில் வளையம், பட்டை பெல்ட், முன்சக்கரத்துக்கு ஒரு குழி, பூகம்பமே வந்தாலும் லீவர் வளையாது. லீவர் வளையாவிட்டால் பிள்ளை விழமாட்டாள். இதில் எங்கே தப்பு இருக்கிறது, எங்கேயும் இல்லை. மிதுனா படுக்கையில் கிடந்தபடி ஒன்று சொன்னாள்தான், மாத்திரை மயக்கத்தில், கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள், "லீவர் ஒண்ணுமில்லம்மா. அது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் லேட்டா பிரேக் புடிச்சேன்." சரி கண்ணு, நீ தூங்கு என்று சாந்தாமணி போர்வையை இழுத்துவிட்டாள். மயக்கத்தில் பிள்ளைகள் எதையாவது சொல்லும். தோள் தேறி இரண்டு மாதம் கழித்து, தோசை சாப்பிட்டுக்கொண்டே மறுபடி அதையே சொன்னாள், அப்போது மாத்திரை ஒன்றும் இல்லை, சாந்தாமணி அடுப்பைச் சிறிதாக்கி வைக்கப் போய்விட்டாள்.

வெயில் ஏற ஏறத் தகரக் கூரை கொதிக்க ஆரம்பித்தது. ஃபேன் இல்லை, பெட்டிமேல் உட்கார முடியவில்லை, எழுந்து முட்டைக்குள் ஏறினாள், அதற்குள் ஒரு குளிர்ச்சி எப்போதும் உண்டு. பலகை கழற்றிய பின்சுவர் எலும்பும் தோலுமாக நின்றது, மரச்சட்டமும் அதற்குப் பின்னால் தகடும், அவள் வெட்டிய ஒரு சாண் பிளவு வழியாக வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்து அவள் முழங்கைமேல் விழுந்தது. மற்ற மூன்று பக்கமும் அந்தப் பச்சை, வேப்பங்கொழுந்துக்கும் வெளிறின ஒரு பச்சை, ஒரு பிரஷ் தடம் தெரியாமல் அடித்திருந்தார், என்ன கிண்டல் பண்ணினாலும் கை சுத்தம் என்றால் அவர் கைதான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டாள், அதை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இந்த ஜன்னலில்தான் மிதுனா உட்கார்ந்திருப்பாள், வாயாலேயே டுர்ரென்று வண்டியை ஓட்டி, காந்திபுரம் வந்தாச்சு எறங்குங்க என்று அம்மாவையும் அப்பாவையும் அதட்டுவாள், இறங்கினால் உடனே டிக்கெட் எங்கே என்பாள். வண்டி நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும், பிள்ளை எல்லா ஊருக்கும் போய்வருவாள், வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்டால் இந்தா இதுக்குள்ளதான் இருக்கேன் என்று குரல் கொடுப்பாள். எங்கே போனாலும் இதற்குள்ளேதான் இருப்பாள். அந்தக் காலத்தில் சாந்தாமணிக்குப் பயம் என்பதே கிடையாது, இப்போதும் கிடையாது, யாராவது கேட்டால் சத்தியம் பண்ணுவாள், போன் அடித்தால் மட்டும் முதல் இரண்டு அடிக்கு எடுக்கமாட்டாள், மூன்றாவது அடியில் எடுப்பாள், அதற்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை, கையில் கிரீஸ் இருக்கும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து லேத்துப் பட்டறை திருமூர்த்தி, வேலை இல்லாத நாளில் தெருவை அளக்கிறவன், பிளவுக்கு அந்தப் பக்கம் முக்காலிமேல் ஏறிக் கண்ணை வைத்துப் பார்த்தான். "ஏனுங்கக்கா, ஆரம்பிச்சுட்டீங்களா? ஷட்டவுன் நாளாப் பார்த்துக் கிரைண்டரத் தூக்கிட்டீங்களே." "ஞாபகமில்லடா" என்றாள். "அண்ணன் சொல்லலீங்களா? ஈபி ஆபீஸ்ல சொன்னாங்கன்னு நேத்தே எங்கிட்டச் சொன்னாருங்களே. நாளைக்கு ஷட்டவுன், அவசர வேலையிருந்தா இன்னைக்கே முடிச்சுருன்னு அண்ணன்தான் தெருவு பூராச் சொல்லிட்டுப் போனாரு." அவன் இன்னும் ஏதோ பேசினான், அவள் ம் கொட்டினாள், அவன் போய்விட்டான்.

தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். சாந்தாமணி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து காலையில் பேப்பரை விரித்தால் அவர் முதலில் படிப்பது இன்றைய மின்தடைதான், உரக்கப் படிப்பார், சரவணம்பட்டி, சின்னவேடம்பட்டி, விளாங்குறிச்சி என்று சாமிக்குப் பேர் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாக, தங்கள் ஊர் இல்லாத நாளிலும் படிப்பார், அடுப்படியில் அவள் காது கேட்கிறதோ இல்லையோ படிப்பார். அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான் அவள் தன் வேலையைத் திட்டம் போடுவாள், பேப்பரை அவள் தொட்டதே கிடையாது. இன்றைக்கு என்ன படித்தார், தங்கம் விலை படித்தார், வால்பாறையில் மழை என்று படித்தார், தெரிந்த யாரோ ஒருத்தருடைய அப்பா காலமான விளம்பரம் படித்தார், கணபதி என்று ஒரு சொல் வரவில்லை, பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய்விட்டார். கிரைண்டரை அவள் எடுப்பாள் என்று தெரிந்தே போனார். ஒரு நாள், வெறும் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று பார்த்திருக்கிறார், கள்ள மனுஷன். அவளுக்குக் கோபம் வந்தது, உண்மையாகவே வந்தது, பழைய தகடுமேல் என்ன இவ்வளவு மோகம் என்று திட்டுவதற்கு வாய் வந்துவிட்டது, ஆனால் திட்டு பாதியிலேயே சிக்கிக்கொண்டது, ஏனென்றால் முட்டையைப் பழசாக்கி முடிக்க அவர் ஆசைப்பட்டிருந்தால் எப்போதோ முடித்திருப்பார். மாதம் முப்பது லாரிக்கு எழுத்து எழுதுகிற கை, ஒரு ஜன்னலுக்கு ஒரு மழைக்காலமா. மிதுனா பைக் ஓட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்துதான் அந்தத் தேய்ப்பு தொடங்கியது. முட்டை முடியாமல் இருக்கிறவரை வண்டி கிடைக்காது, வண்டி கிடைக்காதவரை பிள்ளை எப்போதாவதுதான் போவாள், தேய்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை இங்கேயே இருப்பாள். பச்சையும் வேண்டாம் கன்னியாகுமரியும் வேண்டாம் அவருக்கு. பாவம், என்று அவள் சொல்லிக்கொண்டாள், நெஞ்சு நிறைய அந்தப் பாவம் வந்தது, பயந்து செத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன், நான் பார், நான் தைரியமாகக் கோடு போட்டு வெட்டிவிட்டேன், கரண்ட் மட்டும் இருந்திருந்தால் இந்நேரம். பிளவு வழியாகப் பட்டறைச் சுவர் தெரிந்தது. ஸ்பேனர் வரிசை, சுத்தியல்கள், கை ரம்பம், அதற்குப் பக்கத்தில் தகரம் வெட்டுகிற கத்தரி. காலையிலிருந்தே அங்கேதான் தொங்கியது. பட்டறை வைத்த புதிதில் வாங்கியது, இதைவிடத் தடித்த தகட்டையெல்லாம் அதால் அறுத்தெறிந்திருக்கிறாள், இந்த அலுமினியம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, கத்தரி நுழைய ஒரு வாய் மட்டும் வேண்டும், அதுவும் காலையிலேயே கிடைத்துவிட்டது. மரச்சட்டத்துக்கு ரம்பம் போதும். கரண்டே வேண்டாம். பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தபோதே அவளுக்கு அது தெரியும், அதனால்தான் கண் அந்த இடத்துக்கு வந்ததும் திரும்பித் திரும்பி ஓடியிருக்கிறது. ஷட்டவுன் என்று உறைத்ததும் ஆகட்டும், சாயங்காலம் வரட்டும் என்றாளே, அது எரிச்சல் என்றுதான் நினைத்தாள். எரிச்சல் இல்லை, நிம்மதி.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். லீவர் ஒண்ணுமில்லம்மா. நாலு வளையமும் பட்டை பெல்ட்டும் பைக்கைத்தான் பிடிக்கும், பைக் ஆடாமல் அலுங்காமல் போய்ச் சேரும், போய்ச் சேர்ந்ததும் பெல்ட்டைக் கழற்றுவார்கள், அதற்கப்புறம் பிள்ளை ஏறி உட்கார்ந்து போவாள், அந்த வளைவில் எப்போது பிரேக் பிடிப்பது என்பது அவள் விரலுக்கும் அவளுக்கும் உள்ளது, அங்கே அம்மாவின் வெல்டிங் எட்டாது. இதைத்தான் மிதுனா இரண்டு தரம் சொன்னாள், பயமுறுத்தச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள், அப்படிச் சொல்கிறவள்தான் அடுத்த தரம் சரியாகப் பிடிப்பாள், தப்பு எங்கே என்று தெரிந்தவள் கை தப்பாது, வேலைக்கு வருகிறவர்களிடம் சாந்தாமணி வாய் ஓயாமல் சொல்வதே இதுதானே. அப்படியும் விழலாம். விழுந்தால் போன் வரும். மூன்றாவது அடியில் எடுக்க வேண்டியதுதான். இதை நினைத்தபோது கை குளிர்ந்தது, அவ்வளவுதான், கை குளிர்ந்தால் தேய்த்துக்கொள்ளலாம். தேய்த்துக்கொண்டு எழுந்து இறங்கி, சுவரிலிருந்து கத்தரியை எடுத்தாள், அதன் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்து மூடிப் பார்த்தாள்.

சென்னியப்பன் பேக்கரியிலிருந்து டீயைத் தூக்குப் போணியில் வாங்கிக்கொண்டு வந்தார், ஷட்டவுன் நாளில் இந்த நேரத்துக்கு அவள் தலைவலி என்பாள் என்று அவருக்குத் தெரியும். அவள் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். போணியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"பேப்பர்ல இன்னைக்குக் கணபதி போட்டிருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "போட்டிருந்துச்சு."

"சரி. டீயை ஊத்துங்க."

ஊற்றினார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள், சர்க்கரை அதிகம் என்று அவள் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கிற நாளில் அவர் சர்க்கரை அதிகம் போடச் சொல்வார்.

"வெட்டிட்டீன்னா அவ போயிருவா சாந்தா" என்றார் சென்னியப்பன், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு.

"வெட்டலீன்னாலும் போவாளுங்க. எவனோ கட்டுன கயித்துல போவா."

"விழுந்துட்டான்னா?"

"விழுந்தா நாம போலாம். போன தடவை போனமல்ல?" காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள். "எனக்கும் பயந்தானுங்க. காலைல இருந்து இந்தக் கத்தரியைப் பார்க்காமயே உக்காந்திருந்தேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. டம்ளரைப் போணிக்குள் வைத்து மூடினார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை, வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். அவள் முக்காலிமேல் ஏறிப் பிளவில் கத்தரியை நுழைத்து முதல் கடி கடித்தாள். தகடு நெளியப் பார்த்தது, நெளிந்தால் பின்னால் பலகையாகாது, அது நெளியாதபடி அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார்.

"கையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க, பட்டுரும்."

"நீ கோட்டைப் பாத்து வெட்டு" என்றார்.

கத்தரி கோட்டின்மேலேயே போனது. தெருவில் ஒரு சத்தமும் இல்லாததால் தகடு விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது, ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கை கொஞ்சம் கீழே நகர்ந்து மறுபடி அழுத்திப் பிடித்தது. உள்ளே அந்தப் பச்சைமேல் வெளிச்சம் விரலகலம், கையகலம் என்று அகலமாகிக்கொண்டே வந்தது. கரண்ட் வர இன்னும் வெகு நேரம் இருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று சாந்தாமணிக்குத் தெரியும்.